காற்றடைத்த பித்தளை

திருகோணமலை உட்துறைமுகத்தை அடுத்த பழைய வீடுகளிலே, மின்சாரம் வந்த பின்னரும் நெடுங்காலம் முன்கூடத்து ஆணியை விட்டிறங்காத பெற்றோமக்ஸ் விளக்குகளுக்குப் பெரும்பாலும் இருவகைக் கதியே வாய்க்கிறது: ஒன்று, பழைய பித்தளை வாங்குவோரின் தராசிலே நிறைக்கு விலைபோவது, மற்றொன்று, பளபளவென்று துலக்கப்பட்டு, உள்ளே மின்குமிழ் மாட்டப்பட்டு, விடுதி முகப்பிலே அலங்காரமாக நிற்பது. இரண்டாவது கதி மேலானதென்று பலரும் எண்ணுவர். எனக்கு அது ஒப்பவில்லை. துலக்குதல் வேறு, திருத்துதல் வேறு. காற்றைத் தன்னுள் அடக்கிவைக்க இயலாத பெற்றோமக்ஸ், எவ்வளவு ஒளிர்ந்தாலும், விளக்கு என்னும் பெயருக்குரியதன்று.

சுவாமி வீதியுலாவின் முன்னே தலைச்சுமையாகச் சென்றும், கலியாணப் பந்தலிலே கயிற்றில் தொங்கியும், கொட்டியாரக் குடாவிலே இரவில் மீனை வருவிக்கத் தோணியில் நின்றும் சேவகம் செய்த இந்த யந்திரத்தின் சாமர்த்தியம், மண்ணெண்ணெயின் ஒரு குறையைத் தீர்த்ததிலே அடங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் திரவமாயிருக்குமளவும் காற்றோடு நன்றாய்க் கலவாது. திரிவிளக்கிலே அது திரியின் நுனியில் மட்டும் ஆவியாகி, போதிய பிராணவாயு கிடையாமல் அரைகுறையாய் எரிவதால், எரியாத கரித்துகள்கள் சுவாலையில் மஞ்சளாய் ஒளிர்ந்து, பின்பு சிமினியிலே புகைக்கரியாய்ப் படிகின்றன. ஏறத்தாழ 150 முதல் 300 பாகை செல்சியஸ் உஷ்ணத்துக்குள் கொதிக்கும் அவ்வெண்ணெயை, அதன் சொந்தச் சுவாலையின் வெப்பத்தைக் கொண்டே குழாயினுள் முழுதும் ஆவியாக்கி, ஊசிமுனைத் துவாரம் ஒன்றின் வழியே வேகமாய்ப் பீறிடச் செய்தால், அப்பீறல் சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் சென்று, புகையற்ற நீலச் சுவாலையாய் எரியும். சுவீடனைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் இத்தத்துவத்தைக் கொண்டே 1892இல் பிரைமஸ் அடுப்பைச் சமைத்தார். 1910ஆம் ஆண்டளவில் பெர்லின் நகரத்து எஹ்ரிச்-கிரேட்ஸ் தொழிலகத்தின் மாக்ஸ் கிரேட்ஸ் அதனை விளக்காக்கினார். அதே தொட்டி, அதே பம்பு, அதே துவாரத்தின் மேலே குவிந்த உலோகக் கிண்ணமொன்றைப் பொருத்தி அறையைச் சூடாக்கும் கணப்பாகவும் குளிர்நாட்டார் பயன்கொண்டனர். இரவிலும் உடல் வியர்க்கும் திருகோணமலையில் அடுப்பும் விளக்குமே போதுமாயிருந்தன.

ஆயினும் நீலச் சுவாலையிலே உஷ்ணம் உண்டேயன்றி ஒளி இல்லை. அந்த உஷ்ணத்தை வெண்ணிற ஒளியாக மாற்றுவது, மாண்டில் என்று நாம் கடையில் கேட்டு வாங்கும் சிறு வலைப்பை. ஆஸ்திரிய இரசாயன விஞ்ஞானி கார்ல் அவுவர் 1885இல் இதற்குக் காப்புரிமை பெற்றாரெனினும், அவர் கண்ட முதல் வலைகள் பச்சை சாயலான ஒளியையே தந்தன. தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு 1 பங்கும் கலந்த கலவையை அவர் 1891இல் கண்டடைந்த பின்னரே அது உலகெங்கும் பரவிற்று. அந்த ஒரு பங்கின் மகிமை வியக்கத்தக்கது. தோரியம் ஒட்சைட்டு 3,300 பாகைக்கு மேலன்றி உருகாது. சூடேறினாலும் அச்சூட்டைக் கண்காணாத வெப்பக் கதிர்களாய் எளிதில் வெளியே விட்டு ஆறிவிடாது. ஆனால் தனித்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் போதிய அளவு தராது. சிறிதளவு சீரியம் சேர்ந்தவுடன் ஒளி பிறக்கிறது. அதுவே மிகுந்தால் வலை வெப்பத்தை வீசி உஷ்ணம் தாழ்ந்து மங்குகிறது.

தோரியம் எங்கோ பிறதேசத்துப் பொருளென்று நினைக்கவேண்டியதில்லை. சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்று ஆசிரியராய்ப் புகழடையுமுன், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராய்க் கடமையாற்றியபோது, 1904இல் சப்பிரகமுவாப் பிரதேசத்திலிருந்து வெளிப்படுத்திய தோரியனைட்டு என்னும் கரிய கனியத்தின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டே. அக்காலத்து மாண்டில் உற்பத்தியாளர்கள் நாடிய பொருளும் அதுவே. திருகோணமலைக்கு வடக்கே கரையோரமாய்ச் சென்றால் எதிர்ப்படும் புல்மோட்டைக் கருமணலிலும், இல்மனைட்டு, ரூட்டைல், சேர்க்கன் ஆகியவற்றுடன் தோரியம் கொண்ட மொனசைட்டு சொற்பமாய்க் கலந்திருக்கிறது. தோரியம் மெலிதான கதிரியக்கமுடையதாகையால், இப்போது பல மாண்டில்கள் இட்ரியத்தைக் கொண்டு செய்யப்படுகின்றன. பழைய மாண்டிலின் சாம்பலை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதே விவேகம்.

இனித் திருத்தும் வேலைக்கு வருவோம். பெரும்பாலான விளக்குகள் செத்துக் கிடப்பதற்குக் காரணம், பெருவிரல் நகமளவான ஒரு தோல் வாஷர். பம்பின் மூடியைச் சுழற்றிக் கம்பியை வெளியே இழுத்தால், அதன் நுனியிலே சிறு கிண்ணமாய் வளைந்து, காய்ந்து சுருங்கிய அத்தோல் தென்படும். அதை எண்ணெயிலே ஓரிரவு ஊறவைத்து, விரலால் மெல்ல விளிம்பை விரித்து, கிண்ணத்தின் வாய் தொட்டியை நோக்கியிருக்குமாறு திரும்பப் பூட்டவேண்டும். கம்பியை அழுத்தும்போது, முன்னே அகப்பட்ட காற்றே அவ்விளிம்பைக் குழாய்ச் சுவரோடு நெருக்கி இடைவெளியை அடைக்கிறது. அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகுகிறது. கம்பியை இழுக்கும்போது விளிம்பு தளர்ந்து புதுக்காற்றுக்கு வழிவிடுகிறது. வால்வும் வாயிலும் தானேயாகிய இந்தத் தோல்துண்டைக் காட்டிலும் எளிய பொறியொன்றை நான் அறியேன். சாதாரண இறப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப் பெருக்குமாதலால், அதை இதற்குப் பதிலாக இடலாகாது. வாஷரைத் திருத்திய பின்னரும் பம்புக் குழாய்க்குள் எண்ணெய் ஏறுமாயின், அடியிலுள்ள ஒருவழி வால்வு கெட்டதென்று பொருள்.

தொட்டியைச் சோதிக்கத் தண்ணீரே சிறந்த கருவி. காலியான தொட்டியிலே காற்றடித்து வாளிநீரில் அமிழ்த்தினால், ஒழுக்குள்ள இடத்தை நீர்க்குமிழி காட்டிக்கொடுக்கும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் பித்தளையிலுள்ள நாகத்தை மட்டும் அரித்தெடுத்துவிடுவதால், செம்பு நிறமான திட்டுகள் ஏற்பட்டு, அவ்விடம் வலுவிழந்திருக்கும். புளி தேய்த்துப் பளபளப்பாக்குமுன் இத்திட்டுகளைத் தேடிப் பார்ப்பது முறை, ஏனெனில் புளியின் அமிலம் களிம்பைக் கரைக்குமேயன்றிப் போன நாகத்தைத் தராது. சிறு துவாரத்தை ஈயப்பற்றினால் அடைக்கலாம்; ஆனால் காலித் தொட்டியினுள் எஞ்சிய ஆவி, சூடு பட்டவுடன் வெடிக்கக்கூடுமாகையால், பற்றவைக்குமுன் தொட்டியை நன்கு கழுவி, பற்றுமிடம் தவிர மற்றெல்லாம் நீரால் நிரப்பியாகவேண்டும். பெரிய திட்டுள்ள தொட்டியை அலமாரியிலே வைத்துவிடுவதே உசிதம்.

ஆவி பீறிடும் துவாரத்திலே கரி அடைத்திருந்தால், கையிலகப்பட்ட கம்பியைச் செருகும் ஆசை எவருக்கும் உண்டாகும். அந்தத் துவாரத்தின் குறுக்களவு பத்திலொரு பங்கு பெருத்தால், வாயின் பரப்பு நூற்றுக்கு இருபத்தொரு பங்கு பெருகும். வெளிவரும் எண்ணெயும் அந்த வீதத்தில் மிகுந்து, காற்று போதாமல், விளக்கு மறுபடியும் புகைவிளக்காகிவிடும். அதற்கென்றே செய்த ஊசியன்றி வேறெதுவும் அதனுள் நுழையலாகாது.

2022இல், மின்வெட்டு ஒருநாளில் 13 மணிநேரம்வரை நீண்ட காலத்தில், பரணிலிருந்த விளக்குகளை இறக்கலாமென்று நினைத்தோருக்கு மண்ணெண்ணெயே கிடைத்தபாடில்லை. ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. சீனக்குடாவிலே பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் ஊரிலே, படகுக்கு எண்ணெயின்றி மீனவர் கரையில் அமர்ந்திருந்ததை மறத்தல் இயலாது. லீற்றர் எண்ணெயை எட்டு மணிநேரம் எரித்து, 500 மெழுகுவர்த்திகளின் ஒளிக்கு இணையென்று பெயர்பெற்ற விளக்கை, ஆகவே, தினப்பாவனைக்கென்று நான் பரிந்துரைக்கவில்லை. தேவைப்படும் இரவிலே தவறாமல் எரியவேண்டுமென்றே வேண்டுகிறேன்.

எரிக்கும் கிரமம் இது: மாண்டிலைக் கட்டி, கிண்ணத்திலே ஸ்பிரிட்டு வார்த்துப் பற்றவைத்து, அது எரிந்து தீரும் தறுவாயிலே பம்பு அடித்துத் திருகைத் திறக்கவேண்டும். மஞ்சள் நாக்கு நீண்டெழுந்தால், குழாய் இன்னும் சூடேறவில்லை. உடனே மூடி, மறுபடியும் ஸ்பிரிட்டு வார்ப்பதே வழி. பெற்றோலை ஒருபோதும் ஊற்றலாகாது. சன்னல் திறந்திருக்கவேண்டும், ஏனெனில் காற்றுப் புகாத அறையிலே எரியும் எந்தச் சுவாலையும் நஞ்சான காபன் மொனொட்சைட்டைத் தரும். அழுத்தமானியின் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் காற்றடிப்பதும் ஆகாது.

அணைத்தபின் காற்றுத் திருகைத் தளர்த்தி, நெடுநாள் எரிக்காவிட்டால் எண்ணெயை வடித்து, உலர்ந்த இடத்திலே வைக்கவேண்டும். மாட்டுத்தொழுவம், கோழிக்கூடு ஆகியவற்றுக்கு அருகே மட்டும் வைக்கலாகாது. பிரித்தானிய இந்தியப் படையினர் மழைக்காலத்திலே குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், எவரும் தொடாமலே பிளந்துகிடந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உறைகளைக் குளிர்நிலையில் அழுத்தி இழுத்து உருவாக்குகையில் உலோகத்துள் எஞ்சிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921இல் தெளிவாயிற்று. அழுத்தி வளைத்துச் செய்யப்பட்ட பெற்றோமக்ஸ் தொட்டியிலும் அவ்விறுக்கம் உண்டு; ஆகையால் அமோனியா கலந்த துலக்குப் பசைகளையும் அதன்மேல் பூசாதிருப்பது நலம்.