மாதச் சம்பளமும் இணையத்தளத் தொழிலும்

"அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்" என்பது யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கைக்கொண்டிருந்த கொள்கை. ஆங்கிலம் கற்றவர்கள் இலிகிதர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றார்கள். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார்கள். தீவுப்பகுதியாருக்கோ வேறொரு வழியும் பழக்கமாயிருந்தது. தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்து வாழ்ந்தவர்கள் அவர்களுள் பலர். உறவினர் கடையில் வேலைக்கு நின்று, கொள்முதலும் கணக்கும் பழகிய பின்னரே தமக்கெனக் கடை திறப்பது அவர்களிடையே வழக்கம். சம்பளத்தை விட்டுச் சொந்தத் தொழிலுக்குப் போவது ஆகவே தீவாருக்குப் புதிய செய்தியன்று. தொழில்தான் புதிது.

கணினியும் இணைய இணைப்பும் உள்ள ஒருவர், கடைவீதியில் ஓர் அறையும் இல்லாமல், பிறருக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்துப் பிழைக்கலாம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் நயினாதீவு இளைஞருக்கு, ஊரிலே இருந்துகொண்டே இதைச் செய்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. எண்ணம் நல்லதுதான். ஆயினும், விட்டுப் போவது எது, அதற்கு ஈடாக முன்கூட்டியே தேடிக்கொள்ள வேண்டியது எது என்பவற்றைக் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

இத்தொழிலின் கருவிகளுக்கு விலை மிகச் சிறிது. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ என்ற அறிஞர் 1989-ஆம் ஆண்டு உலகளாவிய வலைக்குரிய திட்டத்தை முன்வைத்தார். 1993-இல் அவ்வாய்வுகூடம் அதனைக் கட்டணமின்றி யாவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 2003-இல் தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, நிரல் எழுதத் தெரியாதவரும் ஒரு நாளில் ஒரு தளத்தை எழுப்பிவிடலாம். முதலீடு குறைவு என்பது கேட்க இனிமையானது. ஆனால், வாடிக்கையாளரின் மருமகனுக்கும் அதே கருவி இலவசமாகவே கிடைக்கிறது என்பதை மறத்தலாகாது. இங்கே விற்பனைக்குரிய சரக்கு உழைப்பும் நம்பகமுமே.

இனி, விட்டுப் போவது யாது? சம்பளத் தொகை மட்டும் என்று எண்ணுவோர் பலர். இலங்கையில் தனியார் நிறுவன ஊழியருக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு செலுத்த, நிறுவனம் 12 பங்கு செலுத்துகிறது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் மேலும் 3 பங்கு இடுகிறது. அதாவது, ஊழியரின் கைக்கு வராமலே அவர் பெயரில் சேரும் நூற்றுக்கு 15 பங்கு, வேலையை விட்ட நாளோடு நின்றுவிடும். ஏற்கெனவே சேர்ந்த சேமலாப நிதியை எடுத்துத் தொழிலுக்கு முதலாக்கலாம் என்றால், அதற்கும் தடையுண்டு. வீடு, மருத்துவம் போன்ற தேவைகளுக்கு ஒரு பகுதி பெற இடமிருப்பினும், பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே அதனைப் பெறலாம். அந்தப் பணத்தை நம்பி விலகல் கடிதம் எழுதியவர் பின்னர் வருந்த நேரிடும்.

அரசாங்க ஊழியரின் நிலை இன்னும் கடினமானது. விலகுவோர் ஓய்வூதியத்தையே பணயம் வைக்கிறார். பொருளாதார நெருக்கடி முற்றிய 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு வாயில் திறந்தது. உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ வேறு தொழில் பார்க்க ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெறலாம், மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படா என அவ்வாண்டு சுற்றறிக்கை வந்தது. அதன் நோக்கம் அரசின் சம்பளச் செலவைக் குறைப்பது. எனினும், தொழில் தொடங்க விரும்புவோருக்கு உண்மையில் வேண்டியது இத்தகைய திரும்பும் வழியே.

கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. திருச்சிராப்பள்ளியில் வளர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் என்பார் சென்னையில் ஸோஹோ நிறுவனத்தில் பல்லாண்டு பணிபுரிந்து உயர் பதவியில் இருந்தவர். 2010-ஆம் ஆண்டு அவ்வேலையை விட்டார். கீழ்க்கட்டளையில் ஏறக்குறைய 700 சதுர அடி இடத்தில் அறுவராகத் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், 2011-இல் விற்பனைக்கு வந்தது. முதல் வாடிக்கையாளர் சென்னையில் இல்லை. அவுஸ்திரேலியாவிலுள்ள அட்வெல் கல்லூரி என்ற பாடசாலை. 2021 செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் பங்குகள் நியூயோர்க்கின் நாஸ்டாக் சந்தையில் ஏறின.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் துணிவைப் புகழ்வர். துணிவு இருந்தது உண்மை. ஆனால் கற்க வேண்டியது வேறு. வாடிக்கையாளர் குறைகேட்கும் மென்பொருளையே அவர் முந்தைய வேலையிலும் கையாண்டிருந்தார். கடையில் நின்று கணக்குப் பழகிய தீவாரைப் போல, தெரிந்த சரக்கையே தமது கடையிலும் வைத்தார். இரண்டாவது, அவர் விற்றது சந்தா அடிப்படையில். வாடிக்கையாளர் மாதந்தோறும் பணம் கட்டுகிறார். விட்டு வந்த மாதச் சம்பளம் வேறு வாசலால் திரும்பி வருகிறது.

தளம் அமைப்போருக்கு இந்த இரண்டாவதே கடினம். தளத்தை முடித்துக் கொடுத்ததும் பணம் ஒருமுறை வரும்; பிறகு அடுத்த வேலை தேட வேண்டும். அந்த ஒருமுறைப் பணமும் எளிதில் வராது. படமும் எழுத்தும் தருவதாகச் சொன்ன வாடிக்கையாளர் மூன்று மாதம் தரமாட்டார். தளம் முடியாமற் கிடக்கும். முடியாத வேலைக்குப் பணமும் இல்லை. வேலை தொடங்குமுன் பாதித்தொகை கேட்பதில் வெட்கம் கூடாது. உறவினரிடமும் கேட்க வேண்டும். உறவினரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். குடும்பச் செலவு மாதம் 60,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தளங்களைப் புதுப்பித்தல், காப்புப் பிரதி எடுத்தல், பெயரையும் இடத்தையும் ஆண்டுதோறும் நீடித்தல் ஆகிய பராமரிப்புக்காக, செலவு போக ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஆண்டுக்கு 18,000 ரூபா மிஞ்சுகிறது என்றால், இருபது பேரிடமிருந்து 3,60,000 ரூபா, மாதத்துக்கு 30,000. குடும்பச் செலவில் சரிபாதி. புதிய வேலை ஒன்றும் வராத மாதத்திலும் இது வரும். வேலையில் இருக்கும்போதே, ஒப்பந்தம் இடமளித்தால், மாலை நேரத்தில் இந்த இருபது பேரைச் சேர்த்துவிட்டு விலகுவதே உசிதம். கையில் ஆறுமாதச் செலவுப் பணமும் இருத்தல் நன்று.

நயினாதீவில் இருபது பேருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்குமாகத் தமிழரும் சிங்களவரும் ஆண்டு முழுவதும் வருகின்ற தீவு இது. ஆனி மாதத் திருவிழாவில் குறிகட்டுவான் துறையில் நிற்க இடமிராது. யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் தருவோருக்கு மூன்று மொழியில் தளம் வேண்டும். ஊரை விட்டுப் புலம்பெயர்ந்தோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் நடத்தும் சங்கங்களும் கடைகளும் இன்னொரு வாடிக்கை. அவர்களிடம் உள்ள பழைய மலர்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை; அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிப் பிழைதிருத்தித் தருவது, தமிழறிந்தவர் நன்கு செய்யக்கூடிய வேலை. இலவசக் கருவி வைத்திருக்கும் மருமகனுக்கு அது எளிதிற் கைவராது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். நயினாதீவு நாட்டின் மின்வலையோடு இணையாமல், டீசல் இயந்திரங்களின் மின்சாரத்தில் வாழ்ந்து வந்த தீவு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கொண்டு மின்சாரம் தரும் திட்டத்துக்கு, இந்திய உதவியுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தீவில் விளக்கு அணைந்தாலும் வாடிக்கையாளரின் தளம் அணையாது. அது இருப்பது தூர தேசத்துச் சேவையகத்தில். அணைவது அதைப் பராமரிப்பவரின் கணினி. கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாளில், வாடிக்கையாளரின் தளம் கெட்டு, இங்கே மின்சாரமும் இல்லையென்றால் யார் பார்ப்பது? யாழ்ப்பாணப் பட்டினத்திலோ கொழும்பிலோ இதே தொழில் செய்யும் ஒரு நண்பரோடு முன்னரே பேசி, ஒருவர் முடங்கும்போது மற்றவர் பார்ப்பதென உடன்பாடு செய்து, கடவுச்சொற்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதி வைத்துவிட்டு, அதன் பின்னரே வேலணைப் பிரதேச செயலகத்துக்கு வியாபாரப் பெயர் பதியப் போகலாம்.