பிரெஞ்சில் வயதும் பசியும்
பிரெஞ்சு படிக்கும் நம்மவர்கள் உடைமையைச் சொல்லும் 'அவ்வார்' என்ற வினையில் தடுமாறுவதற்குக் காரணம் தமிழ் அல்ல, நடுவில் வந்து நிற்கும் ஆங்கிலம்தான். 'ஐ ஆம் ட்வென்டி' என்ற பழக்கத்தில் 'இரு' என்று பொருள்படும் 'எத்ர்' வினையைப் பிடித்து, 'ஜ சுயி' என்று தொடங்கிவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரருக்கோ வயது ஓர் உடைமை: 'ஜே வேன்த் ஆன்', அதாவது என்னிடம் 20 ஆண்டுகள் உண்டு. பசித்தாலும் 'ஜே ஃபேன்' தான்.

அப்படியானால் களைப்புக்கு மட்டும் 'ஜ சுயி ஃபத்திகே' என்கிறார்களே, மனப்பாடம் தவிர வேறு வழி ஏது என்று கேட்கலாம். வழி இருக்கிறது. உடலின் நிலையைச் சொல்லும் இந்த வாக்கியங்களில் 'ஃபேன்' பெயர்ச்சொல், அதற்கு அவ்வார். 'ஃபத்திகே' பெயரடை, அதற்கு எத்ர். வம்பு 'ஃப்ருவா'வில்தான், அது இரண்டுமாக வரும். 'ஜே ஃப்ருவா' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'ஜ சுயி ஃப்ருவா' என்றால் நான் யாரோடும் ஒட்டாத ஆள். குளிரும்போது அவ்வாரையே சொல்லுங்கள்.