பூச்சியை விரட்டும் வாசனை எண்ணெய்

2016 மே 17 இல் அரநாயக்கவில் மலை சரிந்தது. மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் புதிய இடத்தில் போடும் கத்தரியையும் மிளகாயையும் வெண்ஈயும் அழுக்கணவனும் பிடித்தால், கடன்பட்டுக் கிருமிநாசினி வாங்குவதா? அதற்குமுன் சிற்றனெல்லா எண்ணெயைப் பற்றி அறிவோம்.

நம் நாட்டிலேயே வடிக்கப்படும் இவ்வெண்ணெய் பூச்சியைக் கொல்வதைவிட விரட்டுவதே அதிகம். அதன் மணம் செடியின் மணத்தை மறைப்பதால் பூச்சி வந்து அமர்வது குறையும். ஆகவே பூச்சி பெருகுமுன்பே அடிக்க வேண்டும். இலை சுருண்டபின் பயன் குறைவு.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. 2 மில்லிலீற்றர் எண்ணெயைச் சிறிது சவர்க்காரக் கரைசலில் நன்றாகக் கலக்கி, 1 லீற்றர் தண்ணீர் சேருங்கள். முதலில் சில இலைகளில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். கருகாவிட்டால், மாலையில் இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். மணம் விரைவில் ஆவியாகும், மழையும் கழுவிவிடும். எனவே கிழமைதோறும் மீண்டும் அடிக்க வேண்டும்.

கறுவா இலை எண்ணெயில் கவனம் தேவை. அதில் மிகுந்துள்ள இயூஜினோல் களைகளையே கருக்கக்கூடியது. அளவு கூடினால் மரக்கறியும் கருகும்.

எண்ணெய் மட்டுமே பயிரைக் காக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. கடன்படுமுன் நாலு செடியில் செய்து பாருங்கள் என்றே சொல்கிறோம்.