ஒன்றேகால் கோடி துரு!

கைப்பிடியில் கட்டை இல்லை. உடம்பெல்லாம் துரு. சுடுறது இருக்கட்டும், சும்மா கையில் எடுத்தாலே உள்ளங்கை செம்மண் கலருக்கு மாறிடும் போல! 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' காலத்தில் போட்டிருந்தால் நாலு பழம் தேறியிருக்குமா என்பதே டவுட்டு. 2019 ஜூன் மாசம் பாரீஸில் நடந்த ஏலத்தில் இந்த ரிவால்வர் போன விலை 1,62,500 யூரோ. அன்றைய கணக்குக்கு நம்மூர் காசில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்!

காரணம், ஓவியர் வின்சென்ட் வான்கா. 1890 ஜூலை 27-ம் தேதி, பிரான்ஸில் ஓவேர் என்கிற கிராமத்தில் குண்டுக் காயத்தோடு விடுதிக்குத் திரும்பினார் மனுஷர். ரெண்டு நாள் கழித்து இறந்துபோனார். பல வருஷம் கழித்து, 1960 வாக்கில், அதே ஊர் வயலில் ஒரு விவசாயி கண்டெடுத்ததுதான் இந்தத் துப்பாக்கி. கிடைத்த இடம் பொருந்துது. எவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தது என்பதும் பொருந்துது. குண்டின் அளவும் பொருந்துது. ஆனா, 'இதேதான் அது' என்று அடிச்சுச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஒரு சோகத்தைக் கடைச்சரக்கு ஆக்குறீங்களே என்று வான்கா பெயரில் இயங்கும் அமைப்பு கண்டனம்கூடத் தெரிவித்தது. நியாயமான கோபம்தான். இருந்தாலும் ஏலம் நடந்தது.

இப்ப இன்னொண்ணு. கவிஞர் பால் வெர்லேன் 1873 ஜூலை 10-ம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரத்தில், தன்னை விட்டுப் பிரிஞ்சு போறேன்னு சொன்ன இளம் கவிஞர் ரிம்போவைச் சுட்டார். மணிக்கட்டில் காயம். வெர்லேனுக்கு ரெண்டு வருஷ ஜெயில். அந்தத் துப்பாக்கியும் வான்கா துப்பாக்கி மாதிரியே 7 மி.மீ., அதே லெஃபோஷோ வகை. 2016 நவம்பரில் பாரீஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்டப்போ 4,34,500 யூரோ. மூணு கோடி ரூபாய்க்கும் மேல! ரெண்டும் ஒரே ஜாதி இரும்பு. ஆனா வெர்லேன் வழக்கில் போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு, தீர்ப்பு இருக்கு. எந்தப் பிரபலமும் தொடாத சாதாரண லெஃபோஷோ ரிவால்வர் வேணுமா? சில நூறு டாலர் கொடுத்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கும்.

அப்போ ஒரு பழைய ரிவால்வருக்கு நியாயமான விலை எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க?

(அதுக்கு முன்னாடி ஒரு பிரேக் பாஸ்! இது வெளிநாட்டுச் சந்தைக் கதை. நம்ம நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். தாத்தா வீட்டுப் பரணில் ஏதாவது தட்டுப்பட்டால் விலை விசாரிக்காதீங்க, போலீஸ் ஸ்டேஷனில் சொல்லுங்க.)

லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படிச்சவங்களுக்கும், ஜெய்சங்கரின் கௌபாய் படங்களைப் பார்த்தவங்களுக்கும் 'கோல்ட்' என்ற பேரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த ஆறு குண்டு ரிவால்வரின் முழுப் பேர் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. 1873-ல் வந்தது. 1940 வரைக்கும் மூன்றரை லட்சத்துக்கும் மேல் செய்தாங்க. இதை 'முதல் தலைமுறை' என்பார்கள். 1956-ல் மறுபடி ஆரம்பித்தது வேற தலைமுறை, வேற விலை.

டெக்சாஸில் ஒரு காலேஜ் பையன்னு வெச்சுக்குவோம். தாத்தா இறந்துட்டார். அலமாரியில் எண்ணெய்த் துணி சுத்தின ஒரு முதல் தலைமுறை கோல்ட். செமஸ்டர் ஃபீஸ் நெருக்குது. பக்கத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் பார்த்துட்டு, "800 டாலர் தர்றேன்" என்கிறார். கொடுக்கலாமா, கூடாதா?

அவன் செய்யவே கூடாத முதல் காரியம், வீட்டுக்குப் போய் அதைப் பளபளன்னு பாலிஷ் போடுறது. நம்ம ஊரில் பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்கி, பெயின்ட் அடிச்சு, குரோம் மாத்தி வித்தால் பத்தாயிரம் கூடப் பார்க்கலாம். இங்கே கணக்கு உல்ட்டா! பழைய ரிவால்வரில் ஃபேக்டரி போட்ட ஒரிஜினல் மேல்பூச்சு எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கு என்பதுதான் முதல் கேள்வி. நீல மெருகு 90 சதவீதம் அப்படியே இருக்கும் கோல்ட், பல பத்தாயிரம் டாலர் வரை போகும். மெருகெல்லாம் போய் சாம்பல் நிறமான அதே மாடல் சில ஆயிரத்தோடு நின்னுடும். புதுசா மெருகு ஏத்தினது என்று தெரிஞ்சாலோ, பாதி விலை காலி. சில நேரம் பாதிக்கும் மேல.

தெரியாமல் ஏத்திட்டா? கண்ணு பழகினவங்க பிடிச்சுடுவாங்க. பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் கூரான ஓரங்கள் மழுங்கிடும். குழல் மேல் அச்சடிச்ச எழுத்து தண்ணியில் நனைஞ்ச ஹால் டிக்கெட் மாதிரி மங்கிடும். ஸ்க்ரூ ஓட்டையைச் சுத்தி லேசா குழி விழும். இன்னொரு முக்கியமான இடம், கோல்டின் உடல் பாகம். அதை நெருப்பில் வாட்டி இறுக்கும்போது, ரோட்டுத் தண்ணியில் பெட்ரோல் சிந்தின மாதிரி நீலமும் பழுப்புமா ஒரு நிறம் வரும். வருஷங்கள் போகப் போக வெளிச்சம் படுற இடத்தில் அது மங்கி, மூலை முடுக்கில் மட்டும் ஒளிஞ்சிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஜொலிச்சால் உஷாராயிடுவாங்க.

அடுத்தது நம்பர். பைக்கில் இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் பார்க்கிற மாதிரி, கோல்டில் உடல் பாகத்திலும், ட்ரிகர் காப்பிலும், கைப்பிடியின் பின்பட்டையிலும் ஒரே சீரியல் நம்பர் இருக்கணும். வேற வேற இருந்தால் பல துப்பாக்கியைக் கலந்து கட்டினது என்று அர்த்தம், விலை இறங்கும். ஆனா இதிலும் ஒரு விதிவிலக்கு! 1890-களில் அமெரிக்க ராணுவம் தன்கிட்ட இருந்த ஏழரை அங்குல கோல்டுகள் பலவற்றைப் பிரிச்சு, குழலை ஐந்தரை அங்குலமா வெட்டி, பாகங்களை இஷ்டத்துக்கு மாட்டிக் கொடுத்தது. 'ஆர்ட்டிலரி மாடல்' என்பார்கள். அந்த வகையில் நம்பர் கலந்திருப்பதுதான் சகஜம்.

ராணுவத் துப்பாக்கியில் இன்ஸ்பெக்டர் இனிஷியலும் இருக்கும். அந்த எழுத்துகளைக் கத்துக்குட்டிகள் கவனிக்கவே மாட்டாங்க. ஆனா, ஓ.டபிள்யூ.ஏ. என்று இருந்தால் சேகரிப்பாளர்களுக்குக் கை நடுங்கும். ஆர்வில் ஐன்ஸ்வொர்த் என்பவர் சோதிச்சு அனுப்பின ஆரம்பக்கால கோல்டுகள், 1876 ஜூன் மாசம் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் அழிஞ்ச கஸ்டர் படையிடம் இருந்தவற்றோடு சேர்ந்த வகை. அதனால் தனி மவுசு. மவுசு இருந்தால் டூப்ளிகேட் இல்லாமலா? அந்த மூணு எழுத்தைப் பின்னாடி குத்தி ஏமாத்துறது ரொம்ப காலமா நடக்குற பிசினஸ்.

அப்புறம்தான் மெஷின் வேலை செய்யுதா என்கிற சோதனை. முதலில் ஆறு அறையும் காலியான்னு பார்க்கணும். அது எல்லாத்துக்கும் முன்னாடி. பிறகு சுத்தியலை மெதுவாப் பின்னால் இழுத்தால் நாலு 'க்ளிக்' கேட்கணும். கோல்ட் என்ற பேருக்கு இங்கிலீஷில் நாலு எழுத்து. அதைத்தான் துப்பாக்கி உச்சரிக்குது என்று ரசிகர்கள் சிலாகிப்பாங்க. ஒரு க்ளிக் காணோம் என்றால் உள்ளே ஏதோ தேய்ஞ்சிருக்கு. இழுத்து நிறுத்தினதும் சிலிண்டர் கடகடன்னு ஆடக் கூடாது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும்போது கறுப்பா ஒரு வளையம் தெரிஞ்சால், அந்த இடத்தில் குழல் உள்ளுக்குள் வீங்கியிருக்கு என்று அர்த்தம். 1900-க்கு முந்தைய கோல்டுகள் கரிமருந்துக்காகச் செய்தவை. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டால் விலையும் போகும், விரலும் போகலாம்.

எல்லாப் பழசும் தங்கம் கிடையாது மக்களே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' ரிவால்வர் 1899-ல் வந்தது. 1957-க்குப் பிறகு அதுக்குப் பேர் 'மாடல் 10'. மொத்தம் சுமார் 60 லட்சம் செய்திருக்காங்க. தெருவுக்குத் தெரு இருக்கும் பொருளுக்கு வயசை வைத்து விலை ஏத்த முடியாது. இரண்டாம் உலகப் போரில் இதே துப்பாக்கி பிரிட்டனுக்கும் போச்சு. திரும்பி வந்ததும் வேற தோட்டா போடுறதுக்காகச் சிலிண்டரைக் குடைஞ்சு விட்டாங்க. அப்படிக் குடைஞ்சது மாட்டினால் விலையும் கம்மி, சுடுறதும் ரிஸ்க். இதுக்கு நேர் எதிர், 1847-ல் வந்த கோல்ட் வாக்கர். செய்ததே சுமார் 1,100. அதில் ஒண்ணு, ஒரிஜினல் பெட்டியோடு 2018-ல் அமெரிக்க ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. ஏறக்குறைய 12 கோடி ரூபாய்.

இன்னொரு வேடிக்கை, சட்டம் போடுற விலை! அமெரிக்காவில் 1968-ல் வந்த துப்பாக்கிச் சட்டம், 1898 முடிய செய்ததை 'பழம்பொருள்' என்று பிரிச்சுட்டது. மத்தியச் சட்டப்படி அதை வாங்க லைசென்ஸ் பெற்ற டீலர் நடுவில் வர வேண்டாம். அதனால் 1898 டிசம்பரில் பிறந்த கோல்டுக்கும், அடுத்த மாசம் பிறந்த தம்பிக்கும் விலையே வேற.

சரி, கதைக்கு வருவோம். "இது ஜெஸ்ஸி ஜேம்ஸ் வெச்சிருந்தது, தாத்தா சொன்னார்" என்று பேரன் சொன்னால் கடைக்காரர் கொட்டாவி விடுவார். அப்படி வந்தவங்களை வரிசையில் நிற்க வைத்தால் சாலை கொள்ளாது. கதைக்குத் தம்பிடி கிடையாது, காகிதத்துக்குத்தான் காசு. பேட் மாஸ்டர்சன் என்ற ஷெரிஃப், பழைய கடையில் வாங்கின துப்பாக்கியில் வெட்டு வெட்டா கீறி, 'என்னோடது' என்று ரசிகருக்குக் கொடுத்தார் என ஒரு கதை உலவுது. அதுவும் கதைதான்! ஆனா அதே மாஸ்டர்சன் 1879 முதல் 1885 வரை கோல்ட் கம்பெனியிடம் எட்டு ரிவால்வர் ஆர்டர் செய்திருக்கார். டாட்ஜ் சிட்டியில் ஒரு மதுக்கடை லெட்டர் ஹெட்டில், 'முன் குறி கொஞ்சம் உயரமா இருக்கட்டும்' என்று அவர் எழுதினதுக்கு ஆதாரம் இருக்கு. அந்த எட்டில் ஒண்ணு கையில் கிடைச்சால் லாட்டரி.

ஆகவே நம்ம டெக்சாஸ் தம்பி கட்டணம் கட்டி கோல்ட் கம்பெனியின் ஆவணப் பிரிவில் ஒரு கடிதம் வாங்கலாம். சீரியல் நம்பரைச் சொன்னால், அது எந்த வருஷம், எந்தக் கடைக்கு, எந்த அளவுக் குழலோடு, நீல மெருகிலா நிக்கல் முலாமிலா போச்சு என்று பழைய லெட்ஜரைப் பார்த்துச் சொல்வாங்க. லெட்ஜரில் நீலம், கையில் இருப்பது நிக்கல் என்றால் குட்டு உடைஞ்சது.

காகிதத்தின் பலத்துக்கு ஒரு உச்ச உதாரணம். ஷெரிஃப் பேட் காரெட், 1881 ஜூலையில் 'பில்லி தி கிட்'டைச் சுட்டுக் கொன்ற கோல்ட். காரெட் உயிரோடு இருந்தப்போ அது எல் பாஸோவில் ஒரு மதுக்கடை முதலாளியின் காட்சிப் பொருளாப் போச்சு. 1908-ல் காரெட் கொலையானார். கடைக்காரரும் இறந்த பிறகு, 'அது இரவல் கொடுத்ததுதான், வித்தது இல்லை' என்று காரெட்டின் மனைவி கோர்ட் படியேறினார். 1934-ல் ஜெயிச்சு வாங்கினார். அந்த வழக்குக் கட்டே பிற்பாடு சாட்சியாயிடுச்சு. 2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கும் மேல் போச்சு. சுமார் 44 கோடி ரூபாய்!

இனி பேரம். விளம்பரத்தில் கேட்கிற விலையை நம்பக் கூடாது. கேட்க யாருக்கும் வாய் இருக்கு. நிஜமாவே வித்து முடிஞ்ச விலைகளைத்தான் பார்க்கணும். அதிலும் ஏலத் தொகைக்குள் கமிஷன் ஒளிஞ்சிருக்கும். வான்கா துப்பாக்கிக்குச் சுத்தியல் விழுந்தது 1,30,000 யூரோவில். மிச்ச 32,500 ஏலக் கட்டணம்.

தம்பியின் கோல்டில் மெருகு போயிடுச்சு, ஆனா யாரும் கை வைக்கலை, நம்பர் சரி, கடிதமும் ஒத்துப்போகுது. அந்த நிலையில் இருப்பவை சமீபத்தில் 2,000 டாலருக்கு வித்திருக்கு என்று வெச்சுக்குவோம். கடைக்காரர் வாடகை கட்டணும், வாங்க ஆள் வரும்வரை காத்திருக்கணும், லாபமும் பார்க்கணும். அறுபது சதவீதம் கொடுத்தால் அவர் அயோக்கியர் இல்லை. அது 1,200. ஏலத்துக்கு விட்டால், கமிஷன் பதினைந்து சதவீதம் போக 1,700 வரலாம். ஆனா மாசக்கணக்கில் காத்திருக்கணும். ஃபீஸ் கட்ட கடைசி தேதி எப்போ என்பதைப் பொறுத்து, தம்பி கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு 1,400-ல் பேச்சை ஆரம்பிக்கலாம்.