கிடை ஆடும் தட்டைப்பயறும்: மண்ணின் வரவு செலவுக் கணக்கு

திரிங்காப் வழியாகக் கம்போங் ராஜாவுக்குப் போகும் சாலையில் பேருந்துச் சன்னலைத் திறந்தால், முட்டைக்கோசு கண்ணில் படுமுன் கோழி எருவின் வாடை மூக்கில் ஏறும். மாணவர்களே, மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். அந்த எருவில் இருக்கும் சத்து எங்கிருந்து வந்தது?

கோழியிலிருந்து என்பீர்கள். அது பாதி விடைதான். கோழி எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. தின்றதில் ஒரு பங்கை உடம்பில் வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளுகிறது. அது தின்றது மக்காச்சோளமும் சோயாவும். மலேசியாவின் கோழிப்பண்ணைகளுக்கு வேண்டிய மக்காச்சோளம் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளிலிருந்து பெருமளவு வருகிறது. ஆக, தென் அமெரிக்க வயல் ஒன்றில் கிடந்த மணிச்சத்து கப்பலேறி, சமவெளிக் கோழியின் வயிற்றைக் கடந்து, லோரியில் மலையேறி நம் ஊர் முட்டைக்கோசுக்குள் புகுகிறது.

மண்ணுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஒவ்வோர் அறுவடையும் அதில் ஒரு செலவு. எவ்வளவு என்று நாமே கணக்கிடலாம். சோளத்தில் 100-க்கு ஏறத்தாழ 10 பங்கு புரதம். புரதத்தில் 100-க்கு 16 பங்கு நைட்ரஜன். ஒரு டன் சோளம் அறுத்தால் 100 கிலோ புரதம், அதாவது 16 கிலோ நைட்ரஜன் வயலை விட்டுப் போகிறது. யூரியா உரத்தில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், அந்த 16 கிலோவை ஈடுகட்ட 35 கிலோ யூரியா வேண்டும். (இங்கே சோளம் என்று நான் சொல்வது நாம் 'ஜாகோங்' என்று வாங்கித் தின்னும் மக்காச்சோளம் அன்று. குண்டு குண்டான சிறு மணிகள் கொண்ட பழைய புன்செய்த் தானியம். கொங்கு நாட்டுத் தாத்தாக்கள் சோறாக்கித் தின்றது.)

யூரியா மூட்டை வாங்கக் காசில்லாத, லோரியும் வராத ஊரில் இருக்கும் சிறு விவசாயி அந்த 16 கிலோவுக்கு எங்கே போவார்? இந்தக் கேள்வியைப் பல நூறு ஆண்டுகளாகச் சந்தித்து வரும் இரண்டு வறண்ட பூமிகளைப் பார்ப்போம். ஒன்று தமிழ்நாட்டின் புன்செய் நிலம். மற்றொன்று நைஜீரியா, நைஜர், மாலி, புர்கினா பாசோ நாடுகளில் பரந்து கிடக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளி. கேமரன் மலையில் மழையே இல்லாத மாதம் கிடையாது. அங்கேயோ மூன்று நான்கு மாத மழை. மீதி நாளெல்லாம் வெயில். இரண்டு இடத்திலும் கம்பு, சோளம், பயறு, ஆடு, மாடு. இது தற்செயல் அன்று. கம்பு என்ற பயிரே மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய மாலி நாட்டுப் பக்கம், சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பயிராக்கப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு வந்தது. நம் செம்பனைகூட மேற்கு ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து வந்ததுதானே.

ஓர் இரவுக்கு ஒரு கிடை

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மேய்ப்பர்கள் கோடையில் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகை வரை நடப்பார்கள். மந்தைக்குத் தலைவர் கீதாரி. பகலில் ஆடுகள் தரிசிலும் அறுத்த வயலிலும் மேயும். இரவில் ஒருவர் வயலில் அடைக்கப்படும். அதுதான் கிடை. மறுநாள் கிடையைச் சற்றுத் தள்ளிப் போடுவார்கள்; இப்படியே வயல் முழுவதும் ஆட்டின் எரு விழுந்துவிடும். நிலத்துக்காரர் முன்பு நெல்லாகவும் இப்போது பணமாகவும் கூலி கொடுக்கிறார்.

எருவைக் கூடையில் அள்ளிக் கொட்டுவதைவிட ஆட்டையே கொண்டுவந்து நிறுத்துவதில் என்ன இலாபம்? தின்ற நைட்ரஜனில் முக்கால் பங்குக்கு மேல் ஆடு வெளியே விட்டுவிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி புழுக்கையில் இல்லை, சிறுநீரில் இருக்கிறது. கொட்டகையில் அடைத்தால் அந்தச் சிறுநீர் தரையில் வீணாகும். கிடையிலோ நேராக வயலுக்குள் இறங்கும். சிறுநீரில் உள்ள யூரியாவும் கடையில் மூட்டையாக விற்கும் யூரியாவும் ஒரே மூலக்கூறுதான். ஆனால் வெயிலில் விட்டால் அது அம்மோனியாவாக மாறிக் காற்றோடு போய்விடும். ஆட்டுப்பட்டியில் கண் எரிவது அதனால்தான். கிடை எடுத்ததும் வயலை மேலாக உழுதுவிடுகிற பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வேதியியல் இது.

இதையே நைஜரில் அளந்தும் பார்த்தார்கள். ஐதராபாத் அருகே தலைமையிடம் கொண்ட இக்ரிசாட் என்ற ஆய்வு நிறுவனத்துக்கு நியாமே நகருக்குப் பக்கத்தில் சதோரே என்ற ஊரில் ஒரு நிலையம் உண்டு. அங்கு 1990-களில் நடந்த ஆய்வுகளில், எருவை மட்டும் இட்ட மணல் வயலைவிட, கால்நடைகளை இரவில் நிறுத்திச் சிறுநீரும் சேர்ந்த வயலில் கம்பு கூடுதலாக விளைந்தது.

ஆட்டு எரு அந்த ஆண்டே பேசும், மாட்டு எரு மறு ஆண்டு பேசும் என்று கிராமத்தில் சொல்வார்கள். அதிலும் கணக்கு இருக்கிறது. ஆட்டுப் புழுக்கையில் கார்பனோடு ஒப்பிட நைட்ரஜன் அதிகம். மண் நுண்ணுயிர்கள் அதை விரைவில் உடைத்துப் பயிருக்குக் கொடுத்துவிடும். உலர்ந்த சோளத்தட்டையை அப்படியே மண்ணில் போட்டால் நேர்மாறு. அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 பங்குக்கு மேல் கார்பன். அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாகும். தட்டையை மாடு தின்று போட்டால் இந்த இழுபறியின் பெரும்பகுதி மாட்டின் வயிற்றிலேயே முடிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டில், திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம், இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. கொறங்காடு என்று பெயர். கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல் மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் அடைப்பு அடைப்பாக மாற்றி மாற்றி மேயும். கோடையில் புல் காய்ந்தபின் வெள்வேல் காய்கள் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். மேற்கு ஆப்பிரிக்காவில் அதே வேலையைச் செய்யும் உறவுக்கார மரம் ஃபெதர்பியா. அது மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் தளிர்க்கும் விசித்திர மரம். பயிர் வளரும்போது நிழல் விழாது. தீனி இல்லாத காலத்தில் காய் கிடைக்கும். விவசாயி வெட்டாமல் விடுவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

ஆடு உண்டாக்குவதில்லை, சுமக்கிறது

கேட்க நன்றாக இருக்கிறது. இதோடு நிறுத்திக்கொண்டு இயற்கை எரு ஒன்றே போதும் என்று சொல்லிவிடுகிற கட்டுரைகள் பல உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆடு சத்தை உண்டாக்கவில்லை. மேய்ச்சல் நிலத்திலிருந்து வயலுக்குச் சுமந்து வருகிறது. ஒரு ஹெக்டர் வயலுக்கு எரு வேண்டுமானால் பல ஹெக்டர் மேய்ச்சல் நிலம் வேண்டும். வயல் வளம் பெறப் பெற மேய்ச்சல் நிலம் இளைக்கும்.

ஆள் குறைவாக, நிலம் நிறைய இருந்த காலத்தில் இது நடந்தது. நைஜீரியாவில் இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள். முன்பு சில ஆண்டு உழுது பல ஆண்டு தரிசாக விட்டு மண்ணை ஆற விட்டார்கள். இப்போது தரிசு விட இடமில்லை. தரிசு உழப்பட்டால் மேய்ச்சல் போகிறது. மேய்ச்சல் போனால் எரு போகிறது. அறுவடைக்குப் பின் ஃபுலானி மேய்ப்பர்களின் மாடுகள் ஹவுசா உழவர்களின் வயலில் தட்டையைத் தின்று எருவைப் போட்டுப் போவதும், பதிலுக்குத் தானியம் பெறுவதும் பழைய வழக்கம். மாடு போகும் பாதைகளும் வயலாகிவிட்ட இடங்களில் அந்த உறவு சண்டையாகி, உயிர்ச்சேதம் வரை போயிருக்கிறது. நைட்ரஜன் சுழற்சி பாடநூலில் அம்புக்குறிகளாக இருக்கிறது. அங்கே அந்த அம்பு ஒன்று அறுந்தால் ஊரே இரண்டாகிறது.

அப்படியானால் காட்டை அழிக்காமல், புதிய நிலம் சேர்க்காமல், மண்ணையும் கெடுக்காமல் அதே வயலில் கூடுதலாக விளைவிக்க வேண்டும். இதைத்தான் வேளாண் அறிவியலார் நீடித்த தீவிர வேளாண்மை என்கிறார்கள். நைஜீரியாவின் வடக்கே கானோ நகரைச் சுற்றியுள்ள உழவர்கள், அந்தப் பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே அதைச் செய்து வந்தார்கள். அங்கே மக்கள் நெருக்கம் அதிகம். ஒவ்வொருவருக்கும் சிறு நிலம். தரிசு விடாமல் ஆண்டுதோறும் உழுகிறார்கள். வீட்டில் கட்டி வளர்க்கும் ஆடுகளின் எருவும், கழுதை முதுகில் பொதியாக வரும் நகரக் குப்பையும் வயலுக்குப் போயின. கழுதை அவர்களுடைய லோரி.

தட்டைப்பயறு செய்யும் இரண்டு வேலைகள்

இந்தக் கணக்கில் உண்மையான வரவு எங்கிருந்து வரும்? நைட்ரஜனைப் பொறுத்தவரை, காற்றிலிருந்து. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அதைப் பிடிக்கத் தெரிந்தவை பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியின் பயறு தட்டைப்பயறு, அதாவது காராமணி. உலகிலேயே மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. நம் பசாரில் கட்டுக் கட்டாக விற்கும் 'காச்சாங் பஞ்சாங்' இதே இனத்தின் நீண்ட காய் வகைதான்.

சோளமும் தட்டைப்பயறும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கலந்து விதைப்பது அங்கே பழைய முறை. ஆளுயரத்துக்கு மேல் வளரும் சோளத்தின் நிழலில் பயறு நோஞ்சானாகிவிடும். இபாதானில் 1967-இல் தொடங்கப்பட்ட அனைத்துலக வெப்பமண்டல வேளாண்மைக் கழகத்தில் தட்டைப்பயறு ஆய்வை நடத்திய இந்திய அறிவியலாளர் பி. பி. சிங்கும் அவருடைய குழுவினரும் கானோ பகுதியில் இதை மாற்றிப் பார்த்தார்கள். 2 வரிசை சோளம், 4 வரிசை தட்டைப்பயறு. வெயில் பயற்றுக்கும் கிடைத்தது. பயறும் கொடியும் இரண்டும் நிறையக் கிடைக்கும் ரகங்களைத் தேர்ந்தார்கள். மணி மனிதனுக்கு, காய்ந்த கொடி ஆட்டுக்கு. சோளத்தட்டையில் புரதம் 100-க்கு 4 பங்கு அளவில்தான்; தட்டைப்பயற்றுக் கொடியில் 15 அளவுக்கு இருக்கும். அதனால்தான் அங்குள்ள குடும்பங்கள் கொடியைச் சுருட்டிக் கூரை மேலும் மரக்கவட்டிலும் பத்திரப்படுத்துகின்றன. கோடை உச்சத்தில் அதற்குச் சந்தையில் நல்ல விலை.

ஆனால் மணியையும் கொடியையும் இரண்டையும் எடுத்துவிட்டால், பிடித்துவந்த நைட்ரஜனில் பெரும்பகுதி வயலை விட்டுப் போய்விடும். கொடி தின்ற ஆட்டின் எரு அதே வயலுக்குத் திரும்பினால்தான் வரவு. சந்தையில் கொடியை விற்றுக் காசாக்கினால் மண்ணின் கணக்கில் மீண்டும் செலவு. பள்ளிக் கட்டணம் கட்டவேண்டிய மாதத்தில் கொடியை விற்கும் உழவரை யார் குறை சொல்வது?

இரண்டாவது வேலை இன்னும் சுவையானது. சுடுமல்லி என்றொரு ஒட்டுண்ணிக் களை இருக்கிறது. பூ பார்க்க அழகு. வேர், பக்கத்துச் சோளத்தின் வேரில் துளையிட்டு உணவை உறிஞ்சும். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். விதை மண்ணில் 10 ஆண்டுக்கு மேலும் உயிரோடு காத்திருக்கும். அது முளைப்பது ஒரு சைகை கிடைத்தால் மட்டுமே. சோள வேர் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருள்தான் அந்தச் சைகை. மண்ணில் மணிச்சத்து குறைந்தால் பயிர் அதை அதிகமாகக் கசியும். ஏழை மண்ணில் களை கூடுவது இதனால்தான். சில தட்டைப்பயறு, சோயா ரகங்களின் வேரும் இந்தச் சைகையைக் கொடுக்கின்றன. சுடுமல்லி ஏமாந்து முளைக்கிறது, ஆனால் சோளத்தைத் தாக்கும் இனத்துக்குப் பயற்றின் வேரில் ஒட்டிப் பிழைக்கத் தெரியாது, செத்துப்போகிறது. (தட்டைப்பயற்றைத் தாக்கவென்றே வேறொரு சுடுமல்லி இனமும் உண்டு. அதை எதிர்க்கும் ரகங்களையும் இபாதான் கழகம் உருவாக்கியது. இயற்கை அவ்வளவு எளிதில் தோற்பதில்லை.)

காற்றில் கிடைக்காதது

நைட்ரஜனுக்குக் காற்று இருக்கிறது. மணிச்சத்தான பாஸ்பரசுக்கு அப்படி ஒரு களஞ்சியம் வானத்தில் இல்லை. பாறையிலிருந்துதான் வரவேண்டும். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியின் பழைய, தேய்ந்த மணல் மண்ணில் அது மிகக் குறைவு. எரு இருப்பதைச் சுழற்றும், இல்லாததைத் தராது. மணிச்சத்து இல்லாவிட்டால் பயற்றின் வேர் முடிச்சும் சரியாக வேலை செய்யாது. ஆகவே கொஞ்சமாவது உரம் வாங்கித்தான் ஆகவேண்டும். 2006 ஜூனில் அபுஜா நகரில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள், ஹெக்டருக்குச் சுமார் 8 கிலோவாக இருந்த உரப் பயன்பாட்டை 2015-க்குள் 50 கிலோவாக உயர்த்துவதாகத் தீர்மானித்தன. அந்த இலக்கு எட்டப்படவில்லை.

அதற்காகச் சும்மா இருக்கவில்லை. உரத்தை வயல் முழுக்க வீசாமல், விதைக்குழிக்கு மூன்று விரல் சிட்டிகை, அல்லது ஒரு சோடா மூடி அளவு மட்டும் இடும் முறையை இக்ரிசாட் பரப்பியது. இளம் வேர் தொடும் இடத்தில் உரம் இருப்பதால் கொஞ்சமே நிறைய வேலை செய்கிறது. அதே குழியில் ஒரு பிடி எருவும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

நம் மலையில் கதை தலைகீழ். இங்கே சத்து வந்து குவிகிறது. செடி எடுத்தது போக மீதி மழையில் கரைந்து தெலோம் ஆற்றுப் பக்கம் போகிறது. பதப்படுத்தாத எருவில் ஈ மொய்க்கிறது. கானோ உழவருக்கு ஒரு சோடா மூடி கூடுதலாக வேண்டும்; நமக்கு ஒரு லோரி குறைவாக வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். தெரிந்தவர் தோட்டத்தில் பயற்றங்காயோ பட்டாணியோ பூக்கும் நேரத்தில், அனுமதி கேட்டு ஒரு செடியை மண்ணோடு தோண்டுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். வேரை வாளி நீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா நைட்ரஜன் பிடிக்கிறது என்று பொருள். நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் தரும் நிறம் அது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. எரு கொட்டிய பாத்தியில் ஒன்று, எருவே காணாத வேலியோரத்தில் ஒன்று என இரண்டு செடியை ஒப்பிட முடிந்தால் இன்னும் நல்லது. எருப் பாத்தியில் முடிச்சுகள் குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பாக்டீரியாவுக்குச் செடி தன் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கவேண்டும். மண்ணிலேயே நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்போது, அந்தக் கூலியைக் கொடுக்கச் செடி தயாராக இல்லை.