'நோ டிஸ்க்' காட்டும் சிடி பிளேயர்

தட்டை உள்ளே வைத்த பிறகும் 'நோ டிஸ்க்' என்று காட்டினால், பிளேயர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் அதன் கண்தான் மங்கியிருக்கும்.

1982-இல் சோனி ஜப்பானில் முதல் சிடி பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர், ஒரு சிறு லென்ஸ் வழியாகத் தட்டின் அடிப்புறத்தில் விழுகிறது. அங்கே சுருள்பாதையில் வரிசையாக இருக்கும் நுண்குழிகளில் பட்டுத் திரும்பும் ஒளி, கூடிக் குறைவதை வைத்துக் கருவி இசையைப் படிக்கிறது. பாதையின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். அவ்வளவு நுட்பமான வேலையில் லென்ஸின் மேல் மெல்லிய தூசிப்படலம் படிந்தாலே போதும், குவியம் கிடைக்காமல் கருவி கைவிட்டுவிடும்.

முதலில் நன்றாகப் பாடும் என்று தெரிந்த, கடையில் வாங்கிய ஒரு தட்டைப் போட்டுப் பாருங்கள். வீட்டில் எழுதிய தட்டுகள் ஒளியைச் சற்றுக் குறைவாகவே திருப்பும். அவற்றை வைத்துக் கருவியைக் குறை சொல்லக்கூடாது. நல்ல தட்டும் பாடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறக்கலாம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குவது, அழுத்தவே கூடாது. பஞ்சுக் குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, மெதுவாகத் துடைத்து, உலரவிடுங்கள். மூடி திறந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்து லென்ஸைக் குனிந்து பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

முதல் பாட்டுகள் ஒழுங்காகப் பாடி, பிந்தியவை மட்டும் தாவுகின்றனவா? தட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. அப்படியானால் லென்ஸை நகர்த்தும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் இறுகியிருக்கலாம். துடைத்துவிட்டுத் துளி புதிய கிரீஸ் வைத்தால் சரியாகலாம். மாறாக, தொடக்கத்திலேயே தடுமாறினால் சுழற்றும் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். உள்வட்டத்தில்தான் தட்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றுகிறது. ஓரத்துக்கு வரும்போது அது 200 ஆகிவிடும். ட்ரே வெளியே வராமல் முனகினால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். விலை குறைவு, மாற்றுவதும் எளிது.

தட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். குறுக்கே விழும் கீறலைப் பிழைதிருத்தக் குறியீடு சமாளித்துவிடும். பாதையோடு வளைந்து நீளும் கீறல் தொடர்ச்சியாகத் தரவை விழுங்குவதால் அதைச் சமாளிப்பது கடினம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். லேசர்ப் பகுதியில் தெரியும் சின்ன ஸ்க்ரூவைத் திருகாதீர்கள். அது லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டும். சில நாள் பாடும், பிறகு டயோடு எரிந்துபோகும். சுத்தம் செய்தும் சரியாகவில்லை என்றால், லேசர்ப் பகுதியை முழுதாக மாற்றித்தரும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.