நிறக் களிக்குழம்பு வார்ப்பும் அச்சு அமைத்தலும்



களிக்குழம்பு வார்ப்பு முறையை விளக்கும்படி கேட்டால், நம்மிற் பலர் படிமுறைகளை வரிசையாக எழுதிவிடுவர். "ஏன் அவ்வாறு செய்கிறோம்?" என்று அடுத்த வினா வந்ததும் பேனா நின்றுவிடும். காரணம் விளங்கியவருக்குப் படிமுறை மறப்பதில்லை. ஆகவே இங்கு இரண்டையும் சேர்த்தே நோக்குவோம்.

1. வார்ப்பு என்றால் என்ன?

நீர்போல ஓடக்கூடிய களியே களிக்குழம்பு ஆகும். அதனைப் பரிசுச் சாந்து அச்சினுள் ஊற்றினால், அச்சின் சுவர் குழம்பிலுள்ள நீரை உறிஞ்சும். சுவரோரக் களி இறுகி ஒரு படையாகும். 10 முதல் 20 நிமிடங்களில் இப்படை 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை தடிக்கும். பின்னர் மிகுதிக் குழம்பை வெளியே வடித்துவிட, உட்குழிவான பாத்திரம் அச்சினுள் எஞ்சும். அது சற்று உலர்ந்ததும் சுருங்கிச் சுவரிலிருந்து தானாகவே விலகும்.

இலங்கையில் இதற்கான மூலப்பொருட்கள் உண்டு. பொரலஸ்கமுவ, மீட்டியாகொட ஆகிய இடங்களில் கயோலின் எனப்படும் வெண்களி கிடைக்கிறது. நிறம் சேர்ப்பதற்கு வெள்ளைக் களியே ஏற்றது. ஓட்டுக்களியில் இயல்பாகவே இரும்பு இருப்பதால் அது செந்நிறமாகச் சுடும். அதில் நீலமோ பச்சையோ தெளிவாகத் தோன்றாது.

2. அச்சு ஏன் பரிசுச் சாந்தினால் செய்யப்படுகிறது?

ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் சூடாக்கும்போது அதன் பளிங்குநீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறும். எஞ்சும் வெண்தூளே பரிசுச் சாந்து. நீர் சேர்த்ததும் அது இழந்த நீரை மீளப் பெற்று இறுகும். அப்போது வெப்பம் வெளிவிடும்.

இங்குதான் முக்கிய விடயம் உள்ளது. 100 கிராம் சாந்து இறுகுவதற்கு உண்மையில் 19 கிராம் அளவு நீரே போதும். ஆனால் வார்ப்பு அச்சுக்கு நாம் ஏறத்தாழ 70 கிராம் நீர் சேர்க்கிறோம். மேலதிக நீர் உலர்ந்து போன இடமெல்லாம் நுண்துளைகளாகின்றன. இத்துளைகளே மயிர்த்துளைமை மூலம் களிக்குழம்பின் நீரை இழுக்கின்றன. எனவே நீர் குறைந்தால் அச்சு உறுதியாகும், ஆனால் உறிஞ்சாது. நீர் கூடினால் நன்கு உறிஞ்சும், ஆனால் விரைவில் உடையும்.

அச்சு அமைக்கும் படிமுறை:
(அ) மூலமாதிரியைச் சவர்க்காரக் கரைசலால் பூசுக. இல்லாவிடின் சாந்து ஒட்டிக்கொள்ளும்.
(ஆ) அச்சைப் பிரிக்கும் கோட்டை மிக அகன்ற பகுதி வழியே குறிக்குக. கோடு தவறினால் மாதிரி அச்சினுள் சிக்கும்.
(இ) சாந்தை நீரினுள் தூவுக. நீரைச் சாந்தினுள் ஊற்றக்கூடாது, கட்டிபடும். ஓரிரு நிமிடம் ஊறவிட்டுக் குமிழி எழாமல் கலக்குக.
(ஈ) முதற்பாதி இறுகியதும் அதிற் பூட்டுக்குழிகள் செதுக்கி, அம்முகத்திலும் சவர்க்காரம் பூசி, மறுபாதியை ஊற்றுக.
(உ) அச்சை 50 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்காது உலர்த்துக. மேலே போனால் சாந்து தன் பளிங்குநீரை இழந்து பொடியத் தொடங்கும்.

3. களிக்குழம்பு: நீர் மட்டும் போதாது

1 கிலோகிராம் உலர்களிக்கு ஏறத்தாழ 400 மில்லிலீற்றர் நீரும் 3 அல்லது 4 கிராம் சோடியம் சிலிக்கேற்றும் சேர்க்கப்படும். சோடியம் சிலிக்கேற்று களித்துணிக்கைகளை ஒன்றையொன்று தள்ளச் செய்கிறது. அதனால் குறைந்த நீரிலேயே குழம்பு ஓடும்.

நான் கலைப் பட்டதாரி. இதனை முதலில் அலட்சியம் செய்தேன். குழம்பு தடிப்பாக இருந்தபோது நீரையே மேலும் மேலும் ஊற்றினேன். வார்த்த ஆறு கிண்ணங்களில் நான்கு உலரும்போதே வெடித்தன. நீர் கூடினால் சுருக்கமும் கூடும் என்பதை அன்று நன்றாகவே படித்தேன். சோடியம் சிலிக்கேற்றையும் அளவுக்கு மிஞ்சிச் சேர்க்கக்கூடாது. குழம்பு மீண்டும் தடிப்பதுடன் அச்சும் பழுதடையும்.

4. நிறம் சேர்த்தல்

உலர்களியின் நிறையில்:
கோபாற்று ஒட்சைட்டு 1% – நீலம்
குரோமியம் ஒட்சைட்டு 1 – 2% – பச்சை
இரும்பு ஒட்சைட்டு 5% – செங்கபிலம்

கவனிக்க: வீதம் கணிப்பது உலர்களிக்கே, குழம்புக்கு அல்ல. மேற்கூறிய 1.4 கிலோகிராம் குழம்பில் உலர்களி 1 கிலோகிராம். ஆகவே 700 கிராம் குழம்பில் உலர்களி 500 கிராம்; 1% கோபாற்று ஒட்சைட்டு 5 கிராம் ஆகும். 7 கிராம் என எழுதுவது வழமையான பிழை. கோபாற்று ஒட்சைட்டு கரிய தூள். குழம்பு சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நீலம் சூளையிலேயே பிறக்கும்.

5. பரிசோதனைகள்

(அ) நீலக்குழம்பை ஊற்றி 2 நிமிடத்தில் வடிக்குக. மேற்பரப்பின் பளபளப்பு மறைந்தவுடன் வெள்ளைக்குழம்பை ஊற்றுக. வெளியே நீலமும் உள்ளே வெள்ளையும் உடைய கிண்ணம் கிடைக்கும். பின்னர் நீலப் படையைச் செதுக்கினால் வெள்ளைக் கோலம் தோன்றும்.
(ஆ) அச்சின் உட்சுவரில் தூரிகையால் நிறக்கோடுகள் வரைந்து, பின் வெள்ளைக்குழம்பை ஊற்றுக. முதலில் சுவரைத் தொடுவதே வெளிப்புறமாகும் என்பதை மறவாதீர்கள்.

இரு குழம்புகளும் ஒரே வெள்ளைக்குழம்பிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். சுருக்கம் வேறுபட்டால் படைகள் உரியும். முதற்படையை முற்றாக உலரவிட்டாலும் இதே விளைவே ஏற்படும்.

ஒரு தடவையில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டுக் குறிப்பெழுதுங்கள். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1770களில் நிறக்களியாலான ஜாஸ்பர் பாண்டங்களை உருவாக்கியது, இலக்கமிட்ட ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளின் பின்னரே.

6. பாதுகாப்பு

உலர்களித்தூசு நுரையீரலுக்குத் தீங்கானது, முகமூடி அணிக. மேசையை ஈரத்துணியால் துடைக்குக, கூட்டக்கூடாது. ஒட்சைட்டுகளைக் கையுறையுடன் கையாளுக. இறுகும் சாந்தினுள் கையை வைத்திருக்கக்கூடாது. அதன் வெப்பம் தோலைச் சுட்டுவிடும். மிகுதிச் சாந்தைத் தண்ணீர்த்தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைபடும்.

மாதிரி வினா

சூளையிட்டபின் 11 சென்ரிமீற்றர் உயரமான குவளை தேவை. மொத்தச் சுருக்கம் 12% எனின், மூலமாதிரியின் உயரம் யாது?

விடை: எஞ்சுவது 88%. எனவே 11 ÷ 0.88 = 12.5 சென்ரிமீற்றர். (11 உடன் அதன் 12% ஐக் கூட்டி 12.32 என எழுதுதல் தவறு. சுருங்குவது மூலமாதிரியின் அளவே.)

பயிற்சி

1. புதிய அச்சிலும், தொடர்ந்து ஐந்து தடவை வார்த்த ஈர அச்சிலும் ஒரே நேரத்தில் கிடைக்கும் சுவர்த்தடிப்பு வேறுபடுவது ஏன்?
2. கைபிடியுள்ள குவளைக்கு ஒரு துண்டு அச்சுப் போதாது. காரணம் தருக.

விடைகளை இக்கட்டுரையிலேயே தேடுங்கள். ஒவ்வொரு விடையிலும் "ஏனெனில்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்.